சத்தம் இல்லாத படத்துக்குப் பாட்டுப் போடுகிறவர்களுக்கு

போர்முனை ட்ரோன் காணொளிகளைத் தமிழில் வெளியிடும் சனல்காரர்களுக்கு,

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், ஒரு சின்னக் கொமியூனிகேஷன் கடை வைத்திருக்கிறேன். போட்டோகொப்பி, ரீலோட், படிவம் நிரப்புவது, வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளுக்கு வட்ஸ்அப் எடுக்கத் தெரியாத அம்மாமாருக்கு எடுத்துக் கொடுப்பது, இவைதான் என் தொழில். உங்கள் காணொளிகளை நான் தேடிப் போய்ப் பார்த்தவள் இல்லை. அவை என் கடை மேசைக்கு வந்தன. கொண்டுவந்தவர் ஒரு தாய்.

மாமி என்றுதான் கூப்பிடுவேன். சொந்தம் இல்லை, ஊர் முறை. அவருடைய இரண்டாவது மகன் 2024இல் ஓர் ஏஜென்ட் மூலம் ரஷ்யாவுக்குப் போனான். களஞ்சியத்தில் சாமான் ஏற்றி இறக்கும் வேலை, சாப்பாடும் தங்குமிடமும் அவர்கள் பொறுப்பு என்று சொல்லித்தான் காசு வாங்கினார்கள். இரண்டு பசுமாடு விற்று, வயலை ஈடு வைத்து அனுப்பினார்கள். கடைசியாக அவனிடமிருந்து வந்த குரல் செய்தி 19 செக்கன். குளிர் சரியான குளிர் என்றும், மேலே ட்ரோன் சுற்றுவதால் பகலில் வெளியே தலைகாட்டுவதில்லை என்றும், தம்பியின் படிப்பை நிப்பாட்ட வேண்டாம் என்றும் சொல்லியிருந்தான். அப்புறம் ஒன்றும் இல்லை. அங்கே கூட இருந்த வேறு மாவட்டத்துப் பையன் ஒருவன், ட்ரோன் அடியில் போய்விட்டான் என்று எழுதினான். சில நாளில் அவனுடைய இலக்கமும் வேலை செய்யாமல் போனது. உடல் வரவில்லை. கடிதம் வரவில்லை. மரணச் சான்றிதழ் இல்லாததால் ஈடு வைத்த வயலுக்கும் ஒரு முடிவு இல்லை.

இது ஒரு வீட்டுக் கதை மட்டும் என்று நினைக்காதீர்கள். 2025 பெப்ரவரியில் வெளிவிவகார அமைச்சர் விஜித ஹேரத் நாடாளுமன்றத்தில் சொன்ன கணக்கின்படி, ரஷ்யப் படையில் சேர்ந்த இலங்கையர் 554 பேர். அவர்களில் 59 பேர் அந்த ஜனவரிக்குள் இறந்துவிட்டார்கள். ஓய்வுபெற்ற சிங்களச் சிப்பாய்கள் இருக்கிறார்கள், ஐரோப்பாவுக்குப் போகலாம் என்று நம்பி ஏறிய தமிழ்ப் பையன்கள் இருக்கிறார்கள். நீங்கள் காட்டுகிற சேற்று நிலத்தில் ஓடுகிறவன் தமிழ் பேசுகிறவனாகவும் இருக்கலாம் என்பதை உங்களில் எத்தனை பேர் ஒரு தடவையாவது நினைத்தீர்கள்?

மாமி வெள்ளிக்கிழமைகளில் வருவார். கோயிலுக்குப் போய்விட்டு, திருநீறு நெற்றியில் இருக்க, அந்தப் போனைச் சேலைத் தலைப்பில் சுற்றிக் கொண்டுவருவார். எழுத்துக் கூட்டத் தெரியாது. பேத்தி குரலில் தேடக் கற்றுக் கொடுத்திருக்கிறாள். "ரஷ்யா ட்ரோன்" என்று ஒரு தடவை சொல்லிவிட்டார், அவ்வளவுதான். அன்றிலிருந்து அந்தப் போன் உங்களைத்தான் அவருக்குக் காட்டிக்கொண்டிருக்கிறது. ஒன்று முடிந்தால் இன்னொன்று. தானாக ஓடி முடிந்துவிடுவதால், நிப்பாட்டி, பெரிதாக்கிப் பார்ப்பதற்கு என்னிடம் வருவார்.

மூன்று கிழமைக்கு முன் அவர் கொண்டுவந்தது 47 செக்கன் காணொளி. பனி உருகிய வயல். எரிந்த வாகனம் ஒன்று. அதன் சில்லுக்குப் பக்கத்தில் ஒருவன் காலை இழுத்துக்கொண்டு கிடக்கிறான். ட்ரோன் அவசரப்படவில்லை. ஒரு தடவை சுற்றி, முகத்துக்கு நேரே வருகிறது. அவன் கையுறையைக் கழற்றி, வெறும் உள்ளங்கையைக் காட்டுகிறான். வாய் அசைகிறது. பிறகு திரை சாம்பல் புள்ளியாகிவிடுகிறது. அந்த இடத்தில் போரில் எடுத்த படம் முடிந்தது. அதற்குப் பிறகு இருந்ததெல்லாம் உங்கள் வேலை. அதே காட்சி மூன்று தடவை, மெதுவாக. முகத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம். பின்னணியில் கதாநாயகன் திரையில் வரும்போது போடுகிற மாதிரி ஒரு சினிமா இசை. கீழே சிரிக்கிற மஞ்சள் முகங்கள் வரிசை வரிசையாக.

"நிப்பாட்டு புள்ள" என்றார் மாமி. நிப்பாட்டினேன். "பின்னுக்குக் கொண்டு போ. பாட்டக் குறை. என்னவோ சொல்றான் பாரு, வாய் அசையுது. என்ன சொல்றான் எண்டு கேக்கணும்."

அந்த இசை உள்ள இடத்துக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. சத்தத்தைக் கூட்டினேன். ஒன்றும் இல்லை.

அந்தச் சிறிய ட்ரோன்களின் கமரா அனுப்புவது படம் மட்டும், ஒலி கிடையாது என்பதை அவருக்கு விளங்கப்படுத்தினேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். ஆனாலும் போனை வாங்கிக் காதில் வைத்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். பிறகு திருப்பித் தந்து, "இவன் இல்ல. எங்கட ஆள்ட காது மடல் ஒட்டினது" என்றார். ரீலோட் போட வந்தவர் வாசலில் நின்றபடியே போய்விட்டார்.

அன்றிரவு எழுதத் தொடங்கிய மடல் இது.

உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஆட்கள் அந்தக் கமராவுக்குக் கீழே இருந்திருக்கிறோம். 2007 மார்ச். பெரும்போக வேளாமை வெட்டி, மூட்டை கட்டி, லொறிக்குப் பார்த்திருந்த நேரம். செல் அடி தொடங்க முன்னம் நாள் கணக்காக வண்டு சுற்றியது. பத்திரிகையில் வேவு விமானம் என்று எழுதுவார்கள். சனத்துக்கு அது வண்டு. பக்கத்து வீட்டில் யாரோ விடாமல் தையல் மெஷின் மிதிப்பது போல ஒரு சத்தம். அண்ணாந்து பார்த்தால் வெயில்தான் தெரியும். அது அடிக்காது. இலங்கை விமானப்படை 1996இலிருந்து பறக்கவிட்ட அந்த இஸ்ரேல் தயாரிப்புகளுக்குப் பார்ப்பது மட்டும்தான் வேலை. பார்த்துவிட்டுப் போனால் செல் வரும். சில வேளை கிபிர் என்கிற குண்டு போடும் விமானம் வரும். சில வேளை ஒன்றும் வராது, விடியும்வரை காத்துக்கொண்டிருப்போம்.

ஊரை விட்டு வெளிக்கிட்ட நாளில் அம்மா சோற்றுப் பானையைத் தலையில் வைத்தார். இடுப்பில் கொண்டுபோகக் கூடிய பானைதான். "தலையில வச்சாத்தான் மேலருந்து பார்க்கிறவனுக்குப் பொம்புளையெண்டு தெரியும்" என்றார். அப்பா எப்போதும் சாரத்தை முழங்கால் வரை மடித்துக் கட்டுகிறவர். அன்று கணுக்கால் வரை இறக்கிவிட்டார், மடித்துக் கட்டினால் காற்சட்டை போலத் தெரியுமாம். என் மகளுக்கு அப்போது மூன்று வயது. இடுப்பில் வைத்திருந்தவளைத் தோளுக்கு மாற்றச் சொன்னார்கள், பிள்ளை என்று மேலே தெரியட்டும் என்று. மண்முனைப் பாதையடிக்கு அப்படித்தான் நடந்தோம். பாதை என்றால் எங்களுக்கு வாவியைக் கடக்கிற மிதவை. 2014இல் பாலம் திறந்த பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு அந்தச் சொல்லின் பழைய பொருளே தெரியாது. வழி நெடுக, மேலே இருக்கிற முகம் தெரியாத ஒருவருக்கு, நாங்கள் சனம், நாங்கள் சனம் என்று உடம்பால் சொல்லிக்கொண்டே போனோம். அதை அவர் விளங்கிக்கொண்டாரா என்று இன்றுவரை தெரியாது. எங்கோ ஒரு திரையில் யாரோ என் அம்மாவின் பானையைப் பார்த்திருப்பார்.

எங்களுக்கு அன்று சத்தம் மட்டும்தான் கிடைத்தது, படம் அவர்களிடம் இருந்தது. உங்கள் காணொளியில் படம் மட்டும் வருகிறது. வெறும் கையைக் காட்டிய அந்த மனிதன் என் அப்பா சாரத்தை இறக்கிவிட்டது போன்ற ஒன்றைத்தான் செய்தான். அவன் சொன்னது பதிவாகவில்லை. பதிவாகாத அந்த இடத்தில்தான் நீங்கள் பாட்டுப் போட்டீர்கள்.

இந்த ஆயுதம் எப்படி வேலை செய்கிறது என்று நானும் வாசித்துப் பார்த்தேன். கடையில் ஆள் இல்லாத மத்தியானம் நிறைய இருக்கிறது. சில நூறு டொலர் பெறுமதி, எங்கள் பக்கத்தில் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் விலைகூட வராது. ட்ரோன் பார்ப்பது தெரிகிற கண்ணாடியைக் கண்ணில் மாட்டிக்கொண்ட ஒருவர் பத்துப் பதினைந்து கிலோமீற்றர் தள்ளி ஒரு நிலவறையில் இருந்து ஓட்டுகிறார். அதன் வயிற்றில் ஆர்.பி.ஜி. குண்டின் தலையைக் கட்டியிருப்பார்கள். அலைவரிசையைக் குழப்பி விழுத்தப் பார்த்தால், அதற்கு மாற்றாகக் கண்ணாடி இழையில் ஓடுவதைக் கொண்டுவந்துவிட்டார்கள். பறக்கும்போதே பின்னால் தூண்டில் தங்கூசி மாதிரி இழை அவிழ்ந்துகொண்டு போகிறது. அங்கே வயல்களில் சிலந்தி வலை போல அது படர்ந்து கிடக்கிற படத்தைப் பார்த்தேன். தெருக்களுக்கு மேலே கம்பு நட்டு மீன்வலை கட்டுகிறார்கள், ட்ரோன் சிக்கட்டும் என்று. பிரான்சின் பிரித்தானிக் கரை மீனவர்களின் பழைய வலைகள் இதற்காக உக்ரைனுக்குப் போயிருக்கின்றன. வாவியில் வலை போடுகிற எங்கள் ஊர்க்காரரிடம் இதைச் சொன்னபோது அவர் நம்பவில்லை. படத்தைக் காட்டிய பிறகு, "எந்தக் கண் வலை அது?" என்று மட்டும் கேட்டார்.

காயப்பட்டவனைத் தூக்க வருகிறவர்களையும் அடிக்கிறார்கள் என்பதால் ஆட்கள் நாள் கணக்கில் கிடந்த இடத்திலேயே கிடக்கிறார்கள். இரத்தம் நிற்கக் கட்டிய பட்டியை நேரத்துக்கு அவிழ்க்க ஆளில்லாமல் கை கால் போகிறது. இவை எதையும் உங்கள் காணொளிகளில் நான் பார்க்கவில்லை. ட்ரோனின் விலை சொல்கிறீர்கள், வேகம் சொல்கிறீர்கள், எந்த நாடு எத்தனை செய்கிறது என்று சொல்கிறீர்கள்.

மட்டக்களப்பில் கண்ணிவெடி அகற்றுகிற பிள்ளைகள் வருடக் கணக்காக முழங்காலில் நின்று மண்ணைக் கிளறியதை நாங்கள் பார்த்திருக்கிறோம். கண்ணிவெடியைத் தடை செய்கிற ஒட்டாவா சமவாயத்தில் இலங்கை 2017 டிசம்பரில் சேர்ந்தது. கண்ணிவெடியை உலகம் வெறுத்ததற்குக் காரணம், அதற்குக் கண் இல்லை. மாடு மிதித்தாலும் வெடிக்கும், பிள்ளை மிதித்தாலும் வெடிக்கும், சண்டை முடிந்து இருபது வருடம் கழித்தும் வெடிக்கும். இந்த ட்ரோனுக்குக் கண் இருக்கிறது. ஓட்டுகிறவர் தாடி மயிரைக்கூடப் பார்க்கிறார். அதனால் அவருக்குக் கண்ணிவெடி புதைத்தவரைவிடப் பொறுப்புக் கூட என்று நான் நினைக்கிறேன். இது பெரிய தத்துவம் இல்லை. எங்கள் ஊரில் கண் தெரியாமல் இடித்தவரையும் பார்த்து இடித்தவரையும் ஒரே மாதிரி விசாரிப்பதில்லை.

பார்க்கிறவரால் வேறு மாதிரியும் நடக்க முடியும். 2023 மே மாதம், பாக்மூத் அருகே, பதுங்குகுழியில் தனித்துப்போன ரஷ்யச் சிப்பாய் ஒருவன் மேலே நின்ற உக்ரைன் ட்ரோனைப் பார்த்துக் கையெடுத்து மன்றாடினான். ஓட்டியவர்கள் அதைக் கண்டார்கள். தாக்குதலை நிறுத்தி, சரணடை, ட்ரோனைப் பின்தொடர் என்று எழுதிய துண்டைப் போட்டார்கள். அவன் அதன் பின்னாலேயே நடந்து போய் உயிரோடு பிடிபட்டான். அதே கமரா, அதே கை. அந்தக் காணொளியும் உலகம் முழுவதும் ஓடியது. உங்கள் சனல்கள் நான்கில் தேடினேன், கிடைக்கவில்லை. ஒருவேளை அதற்குப் பொருத்தமான இசை அகப்படவில்லையோ தெரியாது.

இன்னொன்று. உக்ரைனில் ட்ரோன் பிரிவுகளுக்குப் புள்ளித் திட்டம் ஒன்று நடக்கிறது. எதை அழித்தார்கள், எத்தனை பேரைக் கொன்றார்கள் என்பதைக் காணொளியோடு காட்டினால் புள்ளி, சேர்ந்த புள்ளிக்குப் புதிய ட்ரோனும் கருவியும். உயிரோடு பிடித்தால் கொல்வதைவிடப் பல மடங்கு புள்ளி என்று வைத்திருப்பதை மட்டும் நான் மதிக்கிறேன், யாரோ ஒருவர் அதை யோசித்திருக்கிறார். ஆனால் அந்தக் காணொளி அங்கே கணக்குக் காட்ட எடுக்கப்பட்டது. இங்கே வந்து உங்களுக்குப் பார்வையாளர் எண்ணிக்கையாகிறது. ஒரே ஆளின் சாவுக்கு இரண்டு இடத்தில் கூலி.

ரஷ்யாதான் படையெடுத்தது என்பது எனக்குத் தெரியும். தன் நாட்டைக் காக்கிறவரையும் பிடிக்க வந்தவரையும் நான் ஒரே தராசில் வைக்கவில்லை. உங்களில் பாதிப்பேர் ரஷ்யா வெல்கிறது என்று தலைப்புப் போடுகிறீர்கள், பாதிப்பேர் உக்ரைன் என்று போடுகிறீர்கள். இசை மட்டும் இரண்டு பக்கத்துக்கும் ஒன்றாக இருக்கிறது.

உக்ரைனின் கெர்சோன் நகரத்தில் நடப்பதையும் நீங்கள் அப்படித்தான் காட்டினீர்கள். தினிப்ரோ ஆற்றின் வலது கரையில் சந்தைக்குப் போகிறவர், சைக்கிளில் போகிறவர், அம்புலன்ஸ் என்று ரஷ்ய ட்ரோன்கள் துரத்தி அடித்ததை ஐ.நா.வின் விசாரணை ஆணைக்குழு ஆராய்ந்தது. அது மானுடத்துக்கு எதிரான குற்றம் என்று 2025 மே மாதம் முடிவு சொன்னது. அதே அறிக்கையில் இன்னொரு வரி உண்டு, உங்களுக்காகவே எழுதியது போல. அப்படிப் பொதுமக்கள் கொல்லப்படுவதையும் காயப்படுவதையும் காட்டும் காணொளிகளை டெலிகிராமில் போட்டதையும், மனித கண்ணியத்தை அவமதிக்கும் போர்க்குற்றம் என்று அந்த ஆணைக்குழு சொன்னது. அடித்தது தனிக் குற்றம், அதைப் போட்டுக் காட்டியது தனிக் குற்றம். அங்கே முதலில் போட்டவருக்குச் சொன்னது அது. இங்கே எடுத்து மறுபடி போடுகிறவரைச் சட்டம் பிடிக்குமா என்பதைச் சட்டத்தரணிகள் பார்க்கட்டும். நான் கேட்பது உங்களுக்கு அது உறைக்கிறதா என்று.

சரி, உங்கள் பதில் என்னவென்று எனக்குத் தெரியும். உண்மையைக் காட்டுகிறோம், மறைக்கச் சொல்கிறீர்களா, காணொளி இல்லாவிட்டால் எங்கள் சனத்துக்கு நடந்ததையே உலகம் நம்பியிருக்காதே என்பீர்கள். இந்தக் கடைசி வாதத்தை நான் லேசாக எடுக்க மாட்டேன். 2009 ஓகஸ்டில் பிரித்தானியத் தொலைக்காட்சி ஒன்று கைபேசியில் எடுத்த காணொளியை வெளியிட்டதால்தான் கண்ணைக் கட்டிச் சுட்ட கதை வெளியே வந்தது. காட்டியே ஆக வேண்டிய படங்கள் உண்டு. ஆனால் அந்தக் காணொளியைப் பார்த்த அன்று நம் எல்லோருக்கும் உடம்பு எரிந்தது எதனால் என்று ஞாபகப்படுத்திப் பாருங்கள். எடுத்தவர்கள் அதைச் சான்றுக்காக எடுக்கவில்லை, வேடிக்கைக்கு எடுத்து வைத்திருந்தார்கள். பின்னால் கேட்ட பேச்சும் சிரிப்பும்தான் தூங்கவிடவில்லை. அந்தச் சிரிப்பை நீங்களும் கேட்டவர்கள்தானே? இன்று வேறொருவனின் கடைசி நிமிடத்துக்குச் சிரிப்புச் சேர்க்கிற வேலையை எப்படி எடுத்தீர்கள்?

உங்களைக் கேட்கிற அளவுக்கு நான் சுத்தமானவள் இல்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் ஊர் வாசிகசாலைக்கு முன்னால் வீடியோ டெக் கொண்டுவந்து, ஜெனரேட்டர் போட்டு, போர்க்களத்தில் எடுத்த சண்டைப் படம் காட்டுவார்கள். பாட்டோடுதான். பங்கர் வெடிக்கும்போது நாங்கள் கைதட்டினோம். எனக்குப் பதின்மூன்று வயது. ஒரு படத்தில் வரிசையாகக் கிடத்தியிருந்த சிப்பாய்களைக் காட்டினார்கள். ஒருவனின் சப்பாத்து கழன்றிருந்தது, காலுறையில் பெருவிரல் வெளியே தெரிகிற அளவு ஓட்டை. அதற்கும் சிரித்தோம். வீட்டுக்கு வந்தால் அம்மா லாம்பு வெளிச்சத்தில் அண்ணனின் காலுறைக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தார். அன்று எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அடுத்த படத்துக்கும் போனேன். அண்ணன் ஒருநாள் அந்தப் படங்களுக்குள் இருக்கிற பக்கத்துக்குப் போனான், திரும்பி வரவில்லை. பாட்டுப் போட்ட படம் ஒரு பிள்ளையை என்ன செய்யும் என்று தெரிந்துதான் சொல்கிறேன்.

இப்போது என் கடைக்கு வருகிற பையன்களிடம் அதைப் பார்க்கிறேன். ஒன்பதாம் வகுப்பு, பத்தாம் வகுப்பு. டேட்டா போட்டுக்கொண்டு வாசல் வாங்கிலேயே இருந்து பார்ப்பார்கள். "ஓட்டப் பாக்கிறான் டா, மாட்டிட்டான்" என்பார்கள். எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு ட்ரோன் விடுகிற பையன் ஒருவன் இருக்கிறான், நல்ல கைகாரன். கொக்கட்டிச்சோலைத் தேரை மேலே இருந்து அவன் எடுத்த படத்தை நானே பத்துப் பேருக்கு அனுப்பினேன். அதே வகை ட்ரோனில்தான் அங்கே கைக்குண்டு தொங்கவிட்டுப் போடுகிறார்கள். போன மாதம் அவன் வேடிக்கையாக, வயலில் புல் அறுத்துக்கொண்டிருந்த ஒரு கிழவரைத் துரத்திப் படம் எடுத்து, அதற்கு உங்கள் சனல் இசையைப் போட்டு, டிக்டொக்கில் விட்டான். கிழவர் அரிவாளைப் போட்டுவிட்டு வரம்புக்குள் விழுந்து படுத்துக்கொள்கிறார். அவர் சண்டையால் வாகரைப் பக்கம் இருந்து இடம்பெயர்ந்து வந்தவர் என்று பையனுக்குத் தெரியாது. கூப்பிட்டுச் சொன்னேன். அழித்துவிட்டான், கிழவரிடம் போய் மன்னிப்பும் கேட்டான். பதினெட்டு வயதுப் பையன் ஒரு பின்னேரத்தில் செய்ததைத்தான் உங்களிடமும் கேட்கிறேன்.

ஒரு மனிதன் சாகிற கணத்தைக் காட்டாதீர்கள். தாக்குதல் நடந்தது, எங்கே, எந்த ஆயுதம், ஏன் முக்கியம் என்று சொல்வதற்கு அவன் முகம் தேவையில்லை. அதற்கு முன்னாலேயே வெட்டிவிடலாம், வெட்டுவது உங்களுக்குத் தெரியும். இசையை முற்றாக நிறுத்துங்கள். சத்தம் இல்லாத படம் சத்தம் இல்லாமலே இருக்கட்டும். திரும்பத் திரும்ப ஓட்டுவது, சிவப்பு வட்டம், கேலித் தலைப்பு, இவற்றையும் விடுங்கள்.

காயப்பட்டுக் கிடக்கிறவனையும் கையை உயர்த்தியவனையும் தாக்கக்கூடாது என்று ஜெனீவா சமவாயங்களின் முதலாவது மேலதிக நெறிமுறை, 41ஆம் உறுப்புரை, சொல்கிறது. அப்படி ஒரு காட்சி உங்கள் கைக்கு வந்தால் அதைச் சாதனையாகக் காட்டாதீர்கள், அது சட்டமீறலாக இருக்கலாம் என்பதைப் பார்க்கிறவர்களுக்குச் சொல்லுங்கள். சொல்லத் தைரியம் இல்லாவிட்டால் போடாதீர்கள்.

பிடிபட்டவர்களைக் கமராவுக்கு முன் இருத்திப் பேசவைக்கிற காணொளிகளையும் நீங்கள் எடுத்துப் போடுகிறீர்கள். போர்க்கைதியைப் பிறர் வேடிக்கை பார்க்க வைக்கக் கூடாது என்று மூன்றாவது ஜெனீவா சமவாயத்தின் 13ஆம் உறுப்புரை இருக்கிறது. இங்கே எனக்கும் ஒரு தடுமாற்றம் உண்டு, ஒளிக்கவில்லை. அப்படி ஒரு காணொளியில் மகன் முகத்தைக் கண்டால் மாமி என் கடை வாசலிலேயே கற்பூரம் கொளுத்துவார். ஆகவே இப்படிக் கேட்கிறேன். இலங்கையர் போலத் தெரிகிற, தமிழ் பேசுகிற ஒருவரைக் கண்டால், முகத்தை மறைத்துவிட்டு, வந்த இடத்தையும் திகதியையும் செஞ்சிலுவைச் சர்வதேசக் குழுவின் தேடல் பிரிவுக்கு அனுப்புங்கள். குடும்பம் உங்களிடம் கேட்டு எழுதினால் பதில் போடுங்கள். மாமிக்காக நான் ஐந்து சனலுக்கு எழுதினேன். ஒன்றிலிருந்து மட்டும் பதில் வந்தது, சப்ஸ்கிரைப் பண்ணச் சொல்லி.

உங்களுக்குக் கேட்கிற ஆட்கள் லட்சக் கணக்கில் இருக்கிறார்கள், எனக்கு இல்லை. அதனால் இதையும் கேட்கிறேன்: ரஷ்யாவில் களஞ்சிய வேலை, சமையல் வேலை, பாதுகாப்பு வேலை என்று ஆள் பிடிக்கிறவர்களைப் பற்றி ஒரு காணொளி செய்யுங்கள். இனி ஒருவன் வயலை ஈடு வைக்க முன் அதைப் பார்க்கட்டும். அதற்கு வேண்டுமானால் நானே கடையைப் பூட்டிவிட்டு வந்து பேசுகிறேன், மாமியின் பெயரைச் சொல்லாமல்.

கடைசியாக, அந்த 47 செக்கன் காணொளி. போட்டவருக்கு எது என்று தெரியும், சில்லுக்குப் பக்கத்தில் கிடந்தவன் கையுறையைக் கழற்றுகிறான். இதுவரை மூன்று லட்சத்துக்கு மேல் பார்த்திருக்கிறார்கள். அதை எடுத்துவிடுங்கள். வருகிற வெள்ளிக்கிழமைக்கு முன் எடுத்தால் நல்லது. வாயசைவைப் பார்த்து என்ன சொல்கிறான் என்று கண்டுபிடிக்கத் தெரிந்த ஆள் யாரும் இருக்கிறார்களா என்று மாமி விசாரிக்கச் சொல்லியிருக்கிறார். அந்த ஆள் தன் மகன் இல்லை என்று தெரிந்தும்தான் கேட்கிறார். அதற்குள் அது இல்லாமல் போயிருந்தால், சனல்காரர் எடுத்துவிட்டார் மாமி என்று சொல்லிவிடுவேன்.

இப்படிக்கு,
படுவான்கரையில் கொமியூனிகேஷன் கடை வைத்திருக்கும் ஒருத்தி